வரி, சட்டத் தளங்களில் எந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடுவது?



நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு முன்பெல்லாம் கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். இப்போது கையில் ஒரு கடிதத்தையோ கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியையோ வைத்துக்கொண்டு, "இது என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க பாய்" என்று வருகிறவர்களும் உண்டு. வருமான வரி அறிவிப்பு, பட்டா மாற்றம், பள்ளிவாசல் கணக்கு, ஜமாஅத் பதிவு என்று எதுவாகவும் இருக்கும். நான் வழக்கறிஞரும் அல்ல, ஆடிட்டரும் அல்ல. ஆனால் அவர்களிடம் போவதற்கு முன் நம் பிரச்சினைக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்றாவது தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு இணையத்தில் இலவசமாகவே நல்ல வசதிகள் இருக்கின்றன. அவற்றில் தேடக் கற்றுக்கொண்டதையும், தேடத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் நான் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

கடந்த ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது, மஃரிப் தொழுகை முடிந்து ஒரு பெரியவர் வந்தார். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக இருந்து ஓய்ந்தவர். வேறு மாவட்டத்தில் இருக்கும் பூர்வீக ஊரில் அவருடைய நஞ்சை நிலம் சாலைக்காக எடுக்கப்பட்டு, 2020 ஜனவரியில் இழப்பீடு வந்தது. அதில் 10 சதவீதத்தை வரி என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருக்கிறார்கள். பிடித்தது ஒரு லட்சத்துக்கு மேல். "கவர்ன்மென்ட் எடுத்தது எடுத்ததுதான்" என்று அவர் விட்டுவிட்டார். வருமான வரி கணக்கே தாக்கல் செய்ததில்லை. ஆறு வருடம் கழித்து, பேத்தி திருமணச் செலவு வந்தபோதுதான் யாரோ, "அது திரும்பக் கிடைக்கும், செக்ரட்டரி பாய்கிட்ட கேளுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் பேரன் அதற்கு முன்பே கைப்பேசியில் தேடிப் பார்த்திருக்கிறான். என்ன சொல் போட்டாய் என்று கேட்டேன். "ரோடு லேண்ட் மணி டாக்ஸ் கட் ரிட்டர்ன்" என்றான். வந்ததெல்லாம் சாலை வரி, வீட்டு மனை விளம்பரம், கடன் தருகிறோம் என்ற அழைப்பு. பையனைக் குறை சொல்ல முடியாது. அவன் நடந்ததை நடந்தபடி கேட்டான். ஆனால் தீர்ப்பு எழுதுகிறவர் அந்த வார்த்தைகளில் எழுதுவதில்லையே.

மத்ரஸாவில் அரபி அகராதி பார்க்கக் கற்றுக்கொடுத்தபோது உஸ்தாத் முதலில் சொன்னது, கண்ணில் படும் சொல்லை அப்படியே தேடாதே, அதன் மூல எழுத்துகள் மூன்றையும் கண்டுபிடித்து அதைத் தேடு என்பதுதான். 'மக்தப்' என்ற சொல்லை மீம் வரிசையில் தேடுகிறவன் தேடிக்கொண்டே இருப்பான். அது காஃப், தா, பா வரிசையில் இருக்கும். சட்டத் தளத்திலும் ஏறக்குறைய இதே வேலைதான். நம் வாயில் வரும் சொல்லுக்குப் பின்னால் சட்டம் வைத்திருக்கும் சொல் எது என்று முதலில் பிடிக்க வேண்டும்.

பெரியவர் விஷயத்தில் அந்தச் சொற்கள் இவை. (தளங்களில் ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஒலிப்பை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.) நிலத்தை அரசு எடுப்பது 'கம்பல்சரி அக்விசிஷன்'. நிலம் 'அக்ரிகல்சுரல் லேண்ட்'. பணம் 'காம்பன்சேஷன்'. பிடித்தம் 'டிடக்‌ஷன் அட் சோர்ஸ்'. திரும்பப் பெறுவது 'ரீஃபண்ட்'. காலம் கடந்ததைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது 'கண்டோனேஷன் ஆஃப் டிலே'. இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துத் தேடினாலே 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194எல்ஏ என்ற பிரிவு வந்துவிடுகிறது. நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்தை அரசு கட்டாயமாக எடுத்தால் இழப்பீட்டில் 10 சதவீதம் பிடிக்கச் சொல்வது அந்தப் பிரிவுதான். ஆனால் அதே வாக்கியத்திலேயே 'விவசாய நிலம் நீங்கலாக' என்றும் இருக்கிறது. அந்த வரியைப் படித்துக் காட்டியபோது பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எங்கே தேடுவது? டாக்ஸ்மேன், மனுபத்ரா, எஸ்சிசி ஆன்லைன் போன்றவை கட்டணத் தளங்கள். ஆடிட்டர்களும் வழக்கறிஞர்களும் சந்தா கட்டிப் பயன்படுத்துவார்கள். நமக்கு மூன்று இலவச வாசல்கள் போதும். முதலாவது, இந்தியன் கானூன். 2008இல் தொடங்கியது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முதலியவற்றின் தீர்ப்புகளும் சட்டப் பிரிவுகளும் ஒரே தேடலில் கிடைக்கும். இரண்டாவது, வருமான வரித் துறையின் சொந்தத் தளம்; மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கைகளுக்கு அதுதான் மூலம். மூன்றாவது, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர். இதில் பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. ஆங்கிலம் வரவில்லையே என்று தயங்கும் சகோதரிகள் இங்கிருந்து தொடங்கலாம்.

இனி தட்டச்சு செய்யும் முறை. சொற்களை வெறுமனே அடித்தால், அவை ஆவணத்தில் ஆளுக்கொரு மூலையில் இருந்தாலும் அந்த ஆவணம் வந்து நிற்கும். இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால், அந்தத் தொடர் அதே வரிசையில் இருப்பவை மட்டும் வரும். 'கண்டோனேஷன் ஆஃப் டிலே' போன்ற தொடர்களை எப்போதும் மேற்கோள் குறிக்குள்தான் போட வேண்டும். இரண்டும் வேண்டும், இதுவோ அதுவோ, இது வேண்டாம் என்று சொல்வதற்கு 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' என்ற சொற்கள் உண்டு. இந்தியன் கானூனில் இவற்றைப் பெரிய எழுத்தில், கடைசி எழுத்தை இரட்டித்து எழுத வேண்டும்: ஆண்ட் என்பதில் 'டி' இரண்டு, ஆர் என்பதில் கடைசி 'ஆர்' இரண்டு, நாட் என்பதில் 'டி' இரண்டு. வழக்கமான வாக்கியத்தில் வரும் சொற்களோடு குழம்பாமல் இருக்கத்தான் போலும். இது தெரியாமல் மாதக்கணக்கில் ஒற்றை எழுத்தோடு அடித்துவிட்டு, தளம் சரியில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயர்களின் எழுத்துக்கூட்டல் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். நம் வீட்டிலேயே மொய்தீன், முகைதீன், முஹையித்தீன் என்று ஒரே பெயருக்கு ரேஷன் கார்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று இருக்கும். தீர்ப்புகளிலும் அப்படியே. வக்ஃபுச் சட்டம் 1995இல் இயற்றப்பட்டபோது ஆங்கிலத்தில் 'கே' எழுத்துப் போட்டு எழுதினார்கள். 2013 திருத்தத்தில்தான் அது 'கியூ' ஆனது. 'கியூ' போட்டு மட்டும் தேடினால் அதற்கு முந்தைய தீர்ப்புகளில் பெரும்பகுதி கண்ணில் படாது. இரண்டையும் 'ஆர்' கொடுத்துச் சேர்த்துப் போட வேண்டும். முத்தவல்லி, ஜகாத், ஜமாஅத் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

டிரஸ்ட் நடத்துகிற எல்லோரும் படிக்க வேண்டிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2014 பிப்ரவரி 20 அன்று வந்தது. உஜ்ஜைன் வருமான வரி ஆணையருக்கும் தாவூதி போஹரா ஜமாஅத்துக்கும் இடையிலான வழக்கு. ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்தின் அல்லது சாதியின் நலனுக்காக ஏற்படுத்தப்பட்ட தர்ம டிரஸ்டுக்கு வரிவிலக்கு இல்லை என்று 1961 சட்டத்தின் 13(1)(பி) பிரிவு சொல்கிறது. அந்த ஜமாஅத்தின் நோக்கங்கள் மதம், தர்மம் இரண்டையும் சேர்ந்தவை, அவற்றின் பயன் அந்த ஒரு சமூகத்தோடு நின்றுவிடவில்லை என்று கண்டு, அந்தப் பிரிவு பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. டிரஸ்ட் பத்திரத்தில் நோக்கங்களை எழுதும் வாசகம் எவ்வளவு முக்கியம் என்பது இதைப் படித்தால் விளங்கும். நான் இந்தத் தீர்ப்பைத் தேடியபோது 'போஹ்ரா' என்று எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதினேன். வழக்கின் தலைப்பில் 'ஏ' ஒன்று கூடுதலாக, 'போஹரா' என்று இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு, 'பர்ட்டிகுலர் ரிலிஜியஸ் கம்யூனிட்டி' என்ற சட்ட வாசகத்தை மேற்கோள் குறிக்குள் போட்ட பிறகுதான் கிடைத்தது. அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: பெயரால் தேடிக் கிடைக்காவிட்டால் பிரிவின் வாசகத்தால் தேடுவது.

நெய்வேலி சம்பந்தமாகத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நிறுவனம் 2016இல்தான் என்எல்சி இந்தியா லிமிடெட் ஆனது. அதற்கு முந்தைய தீர்ப்புகளில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன். அதேபோல 1993 வரை நமக்குக் கடலூர் மாவட்டமே கிடையாது, தென்னாற்காடுதான். அந்தக் காலத்து நிலமெடுப்பு வழக்குகளில் கடலூர் மாவட்டம் என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கிராமத்தின் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிப் பாருங்கள். எந்த எழுத்தர் எப்படித் தட்டினாரோ, அப்படித்தான் இருக்கும்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

பெரியவருடைய நிதியாண்டு 2019–20. மதிப்பீட்டு ஆண்டு 2020–21. கணக்குத் தாக்கல் செய்யும் காலமெல்லாம் என்றோ முடிந்துவிட்டது. ஆனால் சட்டத்தின் 119(2)(பி) பிரிவில் ஒரு கதவு உண்டு. உண்மையான இன்னலைத் தவிர்ப்பதற்காக, தாமதமாக வரும் ரீஃபண்ட் கோரிக்கையை ஏற்க அதிகாரிகளுக்கு அனுமதி தரலாம். அங்கே வரும் 'ஜென்யூன் ஹார்ட்ஷிப்' என்ற தொடரைக் கொண்டு தேடினேன். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பி.எம். மலானி வழக்கு வந்தது. அது வட்டித் தள்ளுபடி பற்றிய வேறு பிரிவு வழக்கு. ஆனாலும் அந்தத் தொடருக்கு என்ன பொருள் என்று நீதிபதிகள் விவாதித்திருப்பதால் பயனுள்ளது. பிறகு, எத்தனை வருடம் வரை கேட்கலாம் என்று தேடினேன். முதல் பக்கத்திலேயே வாரியத்தின் 9/2015 எண் சுற்றறிக்கை வந்தது. 2015 ஜூன் 9 தேதியிட்டது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஆறு ஆண்டுகள். விரல் விட்டு எண்ணினேன். 2021 மார்ச் 31இலிருந்து ஆறு ஆண்டு, 2027 மார்ச் 31.

"அவசரமில்லை அண்ணே, இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. மகன் துபாய்லேர்ந்து லீவுல வரட்டும், எல்லாப் பேப்பரையும் எடுத்துக்கிட்டு நிதானமா போவோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி கடைசியில் நமது அறக்கட்டளைக் கணக்கு விஷயமாகக் கடலூரில் ஆடிட்டரைப் பார்க்கப் போனபோது, பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்தச் சர்க்குலர் பார்த்தீங்க?" என்றார். சொன்னேன். "அது போயிடுச்சு சார். 2024 அக்டோபர் 1இல் 11/2024 வந்துடுச்சு. இப்ப அஞ்சு வருஷம்தான்."

2021 மார்ச் 31இலிருந்து ஐந்து ஆண்டு, 2026 மார்ச் 31. ஒரு மாதம்தான் இருந்தது. மகன் மே மாதம்தான் வருவதாக இருந்தார்.

அன்று இரவே பெரியவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இழப்பீட்டு உத்தரவின் நகல், நிலம் நஞ்சை என்று காட்டும் அடங்கல், வங்கிப் புத்தகம், பிடித்தம் காட்டும் 26ஏஎஸ் படிவம் எல்லாம் திரட்டி, மார்ச் இரண்டாம் வாரத்தில் மனு போய்ச் சேர்ந்தது. தாமதத்தை மன்னித்து உத்தரவு வந்த பிறகுதான் கணக்குத் தாக்கல் செய்ய முடியும். அந்த உத்தரவு இன்னும் வரவில்லை. துஆ செய்யுங்கள்.

பிழை எங்கே நடந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். சொல் சரி. பிரிவு சரி. ஆவணமும் உண்மையானதுதான். அது இன்று உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் நான் கேட்கவில்லை. நான் பார்த்தது ஏதோ ஒரு தனியார் தளத்தில் இருந்த நகல். அதன் மேல் ரத்து முத்திரை எதுவும் இல்லை. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு நாஸிக், மன்ஸூக் புதிதல்ல. பின்னால் வந்து மாற்றுவது எது, மாற்றப்பட்டது எது என்று தெரியாமல் சட்டம் சொல்லக் கூடாது என்று இளம் வயதிலேயே படித்தவன் நான். கணினித் திரையில் பார்த்ததும் அது மறந்துவிட்டது.

இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒரு சுற்றறிக்கை கிடைத்ததும் அதன் எண்ணையே மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே 'சூப்பர்செஷன்' என்ற சொல்லையும் சேர்த்து மறுபடி தேடுங்கள். முந்தையவற்றை நீக்கும் சுற்றறிக்கைகளில் பெரும்பாலும் இந்தச் சொல் இருக்கும். 11/2024இன் வாசகத்திலும் இருக்கிறது. வருமான வரித் துறைத் தளத்தில் அதே பொருளில் கடைசியாக வந்த சுற்றறிக்கை எது என்று தேதி வரிசையில் பாருங்கள். தீர்ப்பாக இருந்தால், இந்தியன் கானூனில் அதை மேற்கோள் காட்டிய பிந்தைய வழக்குகளின் பட்டியல் இருக்கும். அதைத் திறந்து, மேல் நீதிமன்றம் ஏதாவது மாற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேடல் முடிவுகளைப் புதியது முதலில் வரும்படி அடுக்கவும் அங்கே வசதி உண்டு.

நம் சுற்றுவட்டாரத்துக்கே பொருந்தும் உதாரணம் ஒன்று. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் பற்றித் தேடுகிறவருக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2019 ஜூலைத் தீர்ப்பு கிடைக்கும். 2013ஆம் ஆண்டு மத்திய நிலமெடுப்புச் சட்டம் வந்த பிறகு இந்த மாநிலச் சட்டம் செல்லாது என்று அது சொல்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டு, "எடுத்ததே செல்லாதாம்" என்று டீக்கடையில் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே ஆண்டில் சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. ஜி. மோகன் ராவ் வழக்கில் 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. முதல் தீர்ப்பை மட்டும் நம்பி ஒருவர் இழப்பீட்டை வாங்காமல் காத்திருந்தால், நஷ்டம் யாருக்கு?

இன்னொரு கண்ணி: நாம் தேடிய சொல் தீர்ப்பில் இருக்கிறது என்பதற்காக அது நீதிபதியின் கருத்து ஆகிவிடாது. தோற்றுப்போன தரப்பின் வாதமாகவும் இருக்கலாம். தீர்ப்பின் முதல் பாதி முழுக்க இரு தரப்பும் சொன்னதைத்தான் எழுதியிருப்பார்கள். மஞ்சள் நிறத்தில் சொல் பளிச்சென்று தெரிகிற இடத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாமல், கடைசிப் பத்திகளைப் படியுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. நன்கொடைக்கு நாம் ரசீதில் போடும் 80ஜி இனி 133. டிரஸ்டுகளுக்கான விதிகள் 332 முதல் தனித் தொகுப்பாக இருக்கின்றன. 194எல்ஏ போன்ற பிடித்தப் பிரிவுகள் 393இன் அட்டவணைக்குள் போய்விட்டன. ஆனால் அறுபது வருடத் தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்ணில்தான் இருக்கின்றன. ஆகவே பழைய எண்ணில் தீர்ப்பைத் தேடுவதும், புதிய எண்ணில் இன்றைய வாசகத்தைப் பார்ப்பதும் இன்னும் சில வருடங்களுக்கு நம் தலையில் எழுதிய இரட்டை வேலை.

பிள்ளைகள் இப்போது தேடுவதையே விட்டுவிட்டு ஏஐயிடம் கேட்கிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். நம் பேச்சுமொழியில் சொன்னதற்குச் சட்டத்தின் சொல் என்ன என்று கேட்டால் நன்றாகச் சொல்கிறது. அந்த அளவுக்கு அது நல்ல உதவியாள். அது தரும் வழக்கின் பெயரை மட்டும், கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள். 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு, பக்கை டிரஸ்ட் வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. அதில் மேற்கோளாக வந்த தீர்ப்புகளில் சில எங்குமே இல்லாதவை என்று தெரியவந்து, சில நாட்களிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இப்படி இல்லாத வழக்குகளைக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தீர்ப்பாயத்துக்கும் வழக்கறிஞருக்குமே இந்த கதி. வழக்கின் பெயரை இந்தியன் கானூனில் போடுங்கள். வராவிட்டால் அதைப் பேசாதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நமது அலுவலகக் கணினியில் கல்லூரி மாணவர்கள் இருவர் இருப்பார்கள். நிலம், வரி, டிரஸ்ட் சம்பந்தமான சந்தேகம் உள்ளவர்கள், கடிதத்தின் அசலை வீட்டில் வைத்துவிட்டு நகலோடு வாருங்கள். இழப்பீடு வாங்கியவர்கள், எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்பட்டது என்று உத்தரவின் முதல் பக்கத்தில் இருக்கும் வரியைப் பென்சிலால் கோடிட்டு எடுத்து வந்தால் தேடுவதற்குச் சுலபம். 2020–21 நிதியாண்டில் பணம் வாங்கி, வரி பிடிக்கப்பட்டு, இதுவரை கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். அவர்களுடைய ஐந்து வருடம் 2027 மார்ச் 31 அன்று முடிகிறது. நாளையே வாருங்கள்.